பிரசாதம் சாப்பாட்டில் சேராது

தஞ்சாவூர் வட்டாரத்து வயிறுகளை முப்பத்தைந்து ஆண்டுகள் திறந்து மூடியவன் நான். கடைசியாகக் கத்தியைக் கீழே வைத்து ஓய்வு பெற்றபோது நடத்திய பாராட்டு விழாவில் என் வெற்றிக் கதைகளையெல்லாம் நானே சொல்லித் தீர்த்துவிட்டேன். கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள், பாதிப் பேர் நான் முடிப்பதற்குள் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள். இப்போது அறுவை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதச் சொல்கிறார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது அந்த மேடையில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றுதான். உங்களுக்கு அதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

தெரியாமல் எதையாவது விழுங்கி, அது குடலைக் குத்தி, அதோடு வருகிறவர்களைப் பற்றியது இது. இதில் கடலோரத்துக்காரர்கள் நமக்கு மிகவும் ஒத்தாசையானவர்கள். அதிராம்பட்டினத்திலிருந்து வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மீன் முள்ளு உள்ள போயிடுச்சு டாக்டர்" என்று நோயையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். என்ன மீன், யார் வீட்டு விருந்து, யார் பரிமாறினார்கள் என்பது வரை தகவல் வரும். நாம் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு தலையாட்டினால் போதும், கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கும். சிக்கல் எல்லாம் சைவக்காரர்களிடமும் விரதக்காரர்களிடமும்தான். அவர்களை நாம் விசாரிக்காமலேயே விடுதலை செய்துவிடுகிறோம்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 'நோயாளியிடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்' என்று உங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு நான் ஆண்டுதோறும் ஓர் உரை நிகழ்த்துவேன். அதற்கு ஸ்லைடுகள் கூட வைத்திருந்தேன். அந்த உரையைக் கேட்டவர்கள் யாரும், தனபாக்கியம் அம்மாள் வந்த அன்று பக்கத்தில் இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

அரசுப் பணி முடிந்து தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். புரட்டாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. தனபாக்கியம் அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தானே முன்னால் நின்று பயிர் செய்கிறவர். கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை. மருமகள் கூட வந்திருந்தார். இரண்டு நாளாக வயிற்று வலி, லேசான காய்ச்சல். வலது அடிவயிற்றில் கை வைத்ததும் முகத்தைச் சுளித்தார். அந்த இடத்தில் ஒரு கட்டி போலத் தட்டுப்பட்டது. குடல்வால் அழற்சி என்று என் விரல்கள் எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டன. இருந்தாலும் உரை நிகழ்த்துகிறவன் அல்லவா, கேட்டேன்.

"வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"புரட்டாசி மாசம் டாக்டர் சார். கறி, மீனு எங்க வீட்டுக்குள்ளயே வராது."

"ஓட்டல், கல்யாண வீடு?"

"புரட்டாசியில யாரு சார் கல்யாணம் வைக்கிறாங்க?"

"சரி, வீட்டுல?"

"சோறு, ரசம்தான். சனிக்கிழமைன்னா அதுவும் இல்ல. பெருமாளுக்கு விரதம். பொழுதுக்கும் ஒன்னும் சாப்பிடறதில்ல."

எலும்பு, முள் எதையும் விழுங்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன். சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் 'குடல்வால் கட்டி?' என்று குறிப்பிட்டேன். நான் கேள்விக்குறியோடு அனுப்பியதை ஸ்கேன் மருத்துவர் முற்றுப்புள்ளியோடு திருப்பி அனுப்பினார். இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி. அவர் வந்தது என் முடிவுக்குத்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

குடல்வால் வீங்கிச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டால் உடனே கத்தி வைக்காமல், வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல், மருந்தில் ஆற விடுவது வழக்கம். நல்ல வழக்கம்தான், கட்டி குடல்வாலில் இருந்தால். அப்படியே உத்தரவு போட்டேன். 'வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது' என்ற அட்டை கட்டில் தலைமாட்டில் தொங்கியது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாளின் நாடி சற்று வேகமாக இருந்தது. நான் போனபோது ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையிலேயே செல்போனைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். "ஆளு வரலைன்னா மிஷின் நடவுக்குச் சொல்லிடு. நாத்து முத்திப்போச்சுன்னா அப்புறம் நான் வந்து என்ன பண்றது? வாய்க்கா மடையை அடைச்சுட்டுப் போ." சம்பா நடவுக் கவலையில் யாருக்குத்தான் நாடி கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காரணமாக ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அன்று எனக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை நாடி ஓடியது. வயிறு விறைக்கத் தொடங்கியிருந்தது. கட்டி உடைகிறதோ என்று பயம் வந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மனம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் மயக்க மருத்துவரைக் கூப்பிட்டு, வந்து ஒரு முறை பாருங்கள் என்றேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார், அதற்கு அவருக்கு அவசியமும் வந்ததில்லை. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று நான் மேடையில் அடுக்கிய பெயர்களில் அவர் இல்லை. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், காலமானவர்கள். உயிரோடு இருக்கிறவரை, அதுவும் இளையவரை, குருவாக ஏற்றுக்கொள்ள ஒரு தனி மனசு வேண்டும்.

பதினோரு மணி சுமாருக்கு இருவரும் வார்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் மருமகள் எழுந்து கட்டிலுக்கு முன்னால் ஒரு மாதிரி நின்றார். தனபாக்கியம் அம்மாள் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டோரம் நெய் மினுமினுத்தது. கையில் வாழைச் சருகுத் தொன்னை ஒன்று இருந்தது, அடியில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பொங்கலோடு. தலைக்கு மேலே என் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மயக்க மருத்துவர் கேட்டார்.

"ஒன்னும் சாப்பிடலம்மா. சாப்பிடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லியிருக்காரு. இன்னிக்கு சனிக்கிழமை வேற."

"கையில என்ன?"

"இதா? இது பிரசாதம்."

அந்த முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. நான் கத்தத் தொடங்கினேன். மருமகள் கண் கலங்கி, "சாப்பாடு எதுவும் குடுக்கல சார். பெருமாள் கோயில் பொங்கல். ரெண்டு வாய்தான். அத்தை வாராவாரம் வாங்கிக்கறதுதான்" என்றார். வாய் என்றால் என்ன, வாய்வழி என்றால் என்ன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல விளக்கம். யாரும் கேட்கவில்லை.

மயக்க மருத்துவர் அந்தத் தொன்னையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சருகை மடித்து ஈர்க்குச்சித் துண்டுகளால் குத்தியிருந்தார்கள். சூட்டில் சருகு இளகி, ஒரு துண்டு பாதி கழன்று பொங்கலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"வாராவாரம் இதுலதான் வாங்குவீங்களா?"

"ஆமாம்மா."

"பல் செட்டு கட்டியிருக்கீங்களா?"

"மேல் வரிசை முழுக்க. போன வருஷம் கட்டினது."

அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, நீங்க சாப்பிட்டதைச் சொல்ல வேண்டாம். தொண்டைக்குழிக்குக் கீழ போனதையெல்லாம் சொல்லுங்க. எது சாப்பாடு, எது இல்லன்னு நான் பிரிச்சுக்கறேன்."

தனபாக்கியம் அம்மாள் யோசித்தார். துளசித் தீர்த்தம் வந்தது. பொங்கல் வந்தது. விபூதி கூட வந்தது. பிறகு, "போன சனிக்கு முந்தின சனி, பொங்கல்ல ஏதோ நெருடிச்சு. ஏலக்காத் தோலா இருக்கும்னு முழுங்கிட்டேன்" என்றார்.

"துப்பியிருக்கலாமேம்மா."

"பிரசாதத்தை எப்படித் துப்பறது?"

மேல் அண்ணத்தைப் பல் செட் மூடியிருந்தால் வாய்க்கு உணர்வு குறைவு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஈர்க்குச்சி எக்ஸ்ரேயில் தெரியாது என்பதும் தெரியும். சி.டி.யில்கூடத் தேடினால்தான் கிடைக்கும். எனக்கும் இதெல்லாம் தெரியும், என் ஸ்லைடில் இருந்தது. ஸ்கேன் மருத்துவருக்குப் போன் செய்து, மரக்குச்சி மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். "சார், குடல்வால் நல்லாத்தான் இருக்கு. அதை ஒட்டி சிறுகுடல்ல மெல்லிசா ஒரு கோடு தெரியுது. நீங்க குடல்வால்னு எழுதியிருந்தீங்களா, அதனால..." மிச்ச வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். என்ன நோய் என்று தெரிந்தாகிவிட்டது, வயிற்றைத் திறக்க வேண்டும் என்றும் தெரிந்தாகிவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்பதான் பொங்கல் சாப்பிட்டிருக்காங்க. வயிறு காலியாகாம மயக்கம் கொடுக்கறது ஆபத்து. சாயங்காலம் பார்ப்போம்." முறைப்படி அது சரி. என் குரலில் அக்கறை வழிந்தது, நானே நம்பும்படி. உண்மை என்னவென்றால் அந்த ஆறு மணி நேரம் நோயாளிக்கு வேண்டியிருக்கவில்லை, எனக்கு வேண்டியிருந்தது. திறந்தால் என் தப்பு அத்தனை பேர் முன்னாலும் வெளியே வரும். அதைச் சாயங்காலத்துக்காவது தள்ளிப்போட முடிந்தால் நல்லது என்று மனசு கெஞ்சியது.

மயக்க மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். "சார், பொங்கல் இரைப்பையில இருக்கறது என் பிரச்சினை. ஈர்க்குச்சி குடல்ல இருக்கறது உங்க பிரச்சினை. என் பிரச்சினையை நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லப் போய்விட்டார்.

தியேட்டரில் நடந்ததை விவரிக்கப்போவதில்லை, அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். அவர் தன் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டார். நான் என்னுடையதைப் பார்த்தேன். ஓர் அங்குல நீள ஈர்க்குச்சி கறுத்துப்போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் துளைத்துக்கொண்டு முனை நீட்டியிருந்தது. சுற்றிலும் சீழ். குடல் ஊறிப்போய்த் தையலைத் தாங்கும் நிலையில் இல்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டினேன். வியாழக்கிழமையே திறந்திருந்தால் அநேகமாக இரண்டு தையலில் முடிந்திருக்கும். இந்த வாக்கியத்தை முதலில் என் தலைக்குள் கேட்டபோது கையில் ஊசி இருந்தது.

வெளியே வந்தேன். மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் இருந்தார். "ஒரு குச்சி குடலைக் குத்தியிருந்தது, எடுத்தாச்சு. கொஞ்சம் லேட்டானதால மூணு மாசத்துக்குப் பை வைக்க வேண்டியதாப் போச்சு" என்றேன். லேட்டானது யாரால் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அத்தனை தூரத்திலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அன்று முழுவதும் அந்தக் கும்பிடு தொண்டையில் நெருடியது. காலையில் ஒருவர் என் எதிரில் பொங்கலை வைத்துக்கொண்டு ஒன்றும் சாப்பிடவில்லை என்றபோது கத்தினேன் அல்லவா, அவர் நம்பியதைச் சொன்னார். நான் சொன்னதை நானே நம்பவில்லை. அவ்வளவுதான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம், அது எனக்குப் பெருமை சேர்க்கிற வித்தியாசம் இல்லை.

மூன்றாம் நாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தனபாக்கியம் அம்மாளிடம் உட்கார்ந்தேன். "அம்மா, இந்தப் பை உங்களுக்கு வந்திருக்க வேண்டியதில்ல. முதல் நாளே நான் கண்டுபிடிச்சிருக்கணும். ரெண்டு நாள் தள்ளிட்டேன். தப்பு என்னோடது" என்றேன்.

"நீங்கதான் கேட்டீங்களே டாக்டர் சார். நான்தானே சொல்லல."

"நான் சரியாக் கேட்கல."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன், பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கேட்டதெல்லாம் இரண்டு. "சீட்டுல கோயில் பேரை எழுதிடாதீங்க. பெருமாள் மேல குத்தம் வந்துடும்." சரி என்றேன். "இந்தப் பையோட கோயிலுக்குள்ள போகலாமா?"

"தாராளமாப் போகலாம். மருத்துவப்படி ஒரு தடையும் இல்ல."

"உங்களுக்குத் தடையில்ல" என்றார். "எனக்கு மனசு ஒப்பாது."

மறுநாள் மகனிடமும் உண்மையைச் சொன்னேன். இந்த முறை அவர் கும்பிடவில்லை. அது நியாயம்.

நடவு எப்படியோ முடிந்தது. அந்தப் பையை மடியில் கட்டிக்கொண்டே வரப்பில் நின்று களை எடுக்க வைத்தார், உரம் போட வைத்தார், அறுப்பு மிஷினுக்கு முன்பதிவு செய்தார். வயலுக்குப் போக அவருக்குக் கூச்சமே இல்லை. கோயிலுக்குள் மட்டும் போகவில்லை. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் மருமகள் சொல்வார்: "சனிக்கிழமை தவறாம போறாங்க சார். கோபுர வாசல்லயே நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிடறாங்க. பொங்கல் வாங்கிட்டு வரட்டுமான்னா வேண்டாங்கிறாங்க." வருத்தமாக இருந்தது என்று எழுதினால் போதாது. வெட்கமாக இருந்தது. நான் ஒரு கேள்வியைச் சோம்பேறித்தனமாகக் கேட்டதற்கு ஒருவர் மூன்று மாதம் வாசலில் நின்றார்.

தை முதல் வாரத்தில் குடலை இணைத்துப் பையை எடுத்தேன். நல்லபடியாக ஆறியது.

மாசியில் ஒரு சனிக்கிழமை. அன்று எனக்கே ரத்தப் பரிசோதனை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, வெறும் வயிற்றில் வந்து பாருங்கள் என்று மயக்க மருத்துவர் ஒரு மாதமாக விரட்டிக்கொண்டிருந்தார். லேபுக்குக் கிளம்பும் நேரத்தில் தனபாக்கியம் அம்மாள் என் அறைக்குள் வந்தார், மருமகள் துணையில்லாமல். நெற்றியில் திருமண், கையில் எவர்சில்வர் டப்பா.

"உள்ள போய், சந்நிதியில நின்னு வாங்கினது" என்றார். "தொன்னையிலேருந்து மாத்தி, விரலை விட்டுத் துழாவிப் பாத்துட்டேன். குச்சி ஒன்னும் இல்ல, பயப்படாம வாங்கிக்கங்க."

நின்றபடியே இரண்டு கையாலும் வாங்கினேன். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவாவது வாயில் போட வேண்டியிருந்தது. சூடு குறையாத பொங்கல். டப்பாவை வழித்துக் கொடுத்தேன். அவர் போனதும் மனசு நிறைந்து லேபுக்குப் போனேன்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்றாள் லேப் பெண், கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே.

"காபிகூடக் குடிக்கலம்மா" என்றேன்.

ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. லேபுக்குப் போன் போட்டு, மிஷினைச் சரிபார்க்கச் சொன்னேன், கொஞ்சம் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அதே ரத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு அதே எண்ணைச் சொன்னாள். அடுத்த கால் மணியில் மயக்க மருத்துவர் ரிப்போர்ட்டோடு என் அறைக்கு வந்தார்.

"சார், காலையிலேருந்து தொண்டைக்குழிக்குக் கீழ என்னென்ன போச்சு?"

"பச்சைத் தண்ணி கூட இல்ல டாக்டர். சத்தியமா" என்றேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். மேஜையிலிருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"மீசையைத் துடைச்சுக்கங்க சார். நெய்."